பெரிய டயர் மாட்டினால் ஜீப் ஏன் திணறுது?

அமெரிக்காவில் ஜீப் ராங்லர் வாங்குறவங்க பலர், வண்டியை உயர்த்தி 35 இன்ச் டயர் மாட்டுறாங்க. பார்க்க கெத்துதான். ஆனா மேடு வந்தா இழுவை போயிடும். ஆட்டோமேட்டிக் வண்டி மேல் கியரில் நிற்காது.

காரணம், பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகுது. இன்ஜினுக்குச் சுமை கூடுது. தீர்வு, ஆக்சிலில் உள்ள கிரவுன்-பினியனை மாற்றுவது. 4.10 ரேஷியோ என்றால், சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றுது.

புது டயர் உயரத்தை பழைய உயரத்தால் வகுத்து, பழைய ரேஷியோவால் பெருக்குங்க. ஜேகே மாடல் ரூபிகானில் 32 இன்ச் டயர், 4.10 ரேஷியோ உண்டு. அதில் 35 போட்டால் 4.48. கிடைப்பது 4.56, 4.88. கணக்குப்படி 4.56 போதும். ஆனா டயரின் கூடுதல் எடையும் காற்றுத் தடையும் இந்தக் கணக்கில் வராது. அதனால மலை, பாறை ஏறுறவங்களுக்கு 4.88தான் சரி.

காசை மிச்சம் பிடிக்க பின் ஆக்சிலை மட்டும் மாற்றிடாதீங்க. நாலு சக்கர இழுவை போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸே உடையலாம்.

ஸ்பீடோமீட்டருக்கும் புது டயர் அளவைச் சொல்லணும். இல்லைன்னா அது 64 மைல் காட்டும்போது, நிஜத்தில் 70-ல் போய்க்கிட்டிருப்பீங்க.