வீட்டிலேயே பிலாட்டீஸ் பயில்வோம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் நம் முன்னோர். ஆனால் அச்சுவரை நாம் எவ்வாறு பேணுகிறோம்? புத்தகப் பையின் பாரத்தால் ஒரு தோள் தாழ்கிறது. வகுப்பில் மேசைமேல் கவிழ்ந்து எழுதுகிறோம். வீட்டில் கைபேசிமேல் கவிழ்கிறோம். “நிமிர்ந்து உட்கார்” என்று அம்மா சொன்னால் இரண்டு நிமிடம் நிமிர்ந்திருந்து, மூன்றாம் நிமிடம் மீண்டும் வளைகிறோம். நிமிர்ந்திருக்க மனம் மட்டும் போதாது. வயிற்றுக்கும் முதுகுக்கும் வலிமை வேண்டும். அவ்வலிமையைத் தரும் பயிற்சிகளுள் ஒன்றே பிலாட்டீஸ்.

பெயரைக் கேட்டதும் பிலாத்துவை நினைத்துச் சிலர் புன்னகைக்கலாம். அவருக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1883ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் என்பவரின் பெயரே பயிற்சிக்கும் ஆயிற்று. இளமையில் ஆஸ்துமா முதலிய நோய்களால் நலிந்த அவர், உடற்பயிற்சியால் தம்மைத் திடப்படுத்திக்கொண்டார். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் இருந்த அவரை, எதிரி நாட்டவர் என்று மான் தீவில் ஒரு முகாமில் அடைத்து வைத்தனர். அங்கும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. 1926இல் நியூயார்க் சென்று, மனைவி கிளாராவுடன் பயிற்சிக்கூடம் நடத்தினார். நடனக் கலைஞர் பலர் அவரை நாடி வந்தனர். தம் முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கன்ட்ராலஜி’, அதாவது கட்டுப்பாட்டுக் கலை. வீட்டில் தாமே பயில்வோருக்காக, 34 பயிற்சிகளைப் படங்களுடன் விளக்கி 1945இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1967இல் மறைந்தார்.

ஆகவே, ஆசிரியரின்றிப் பயில்வது இம்முறைக்குப் புதிதன்று. ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. அதை நாங்கள் பட்டறிந்தோம்.

சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் நால்வர் ‘நூறு’ என்னும் பயிற்சியுடன் தொடங்கினோம். மல்லாந்து படுத்து, தலையையும் தோள்களையும் உயர்த்தி, நீட்டிய கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். இப்படிப் பத்து முறை செய்தால் நூறு. முதல் நாளே நூறையும் முடிக்க எங்களுக்குள் போட்டி. முடித்தும் விட்டோம். மறுநாள் நால்வருக்கும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை! வயிறு செய்ய வேண்டிய வேலையைக் கழுத்து செய்திருந்தது. பள்ளி திறந்ததும் உடற்கல்வி ஆசிரியையிடம் சொன்னோம். “சரியாகப் பத்து எண்ணியிருந்தால் போதுமே, பிள்ளைகளே” என்றார் அவர்.

பிறகு முறையாகத் தொடங்கினோம். கட்டில் மெத்தை ஆகாது. தரையில் கனமான ஜமுக்காளம் போதும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். முதல் வாரம் மூச்சு மட்டும். முழங்காலை மடக்கிப் படுத்து, விலா எலும்புகளின்மேல் கைகளை வைத்துக்கொள்க. மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். விடும்போது அடிவயிறு மெல்ல உள்ளே செல்ல வேண்டும். அடுத்த வாரம் ‘பாலம்’. அதே நிலையில் பாதங்களை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தரையிலிருந்து எடுத்து, அவ்வாறே இறக்குதல். ஐந்து முறை போதும். அதன்பின் தலையைத் தரையில் வைத்தபடியே ‘நூறில்’ இருபது. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம் செய்தோம்.

ஆசிரியரின் கண்ணுக்கு ஈடாக இன்னொரு கண் வேண்டும். கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்து பிசகும். எனவே ஒருத்தி செய்யும்போது மற்றவள் மூன்றைக் கவனிப்பாள்: மூச்சை அடக்குகிறாளா? தோள் காதை நோக்கி ஏறுகிறதா? இடுப்பு வில்லாக வளைகிறதா? எங்களில் ஒருத்தியின் அம்மா, காய் நறுக்கிக்கொண்டே “தோள், தோள்!” என்று குரல் கொடுப்பார். இப்போது அவரும் எங்களுடன் பாய் விரிக்கிறார்.

தசை சோர்ந்து நடுங்கினால் அஞ்ச வேண்டாம். சுரீரென்ற வலியோ மரத்துப்போதலோ தோன்றினால் உடனே நிறுத்துக. முதுகுவலி உள்ளவர்களும், கருவுற்றவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். எலும்பு மெலிந்த பாட்டிமாருக்கு முன்குனியும் பயிற்சிகள் ஆகா.

தலையை உயர்த்தி, கழுத்து நோகாமல் நூறை எட்ட எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவசரப்பட்ட அந்த முதல் நாளைவிட, பொறுமையாகச் சென்ற இவ்விரு மாதங்களே எங்களுக்குக் கற்றுத் தந்தன. தோழியரே, வரும் விடுமுறையில் நீங்களும் பாய் விரியுங்கள். அருகில் அக்காவையோ அம்மாவையோ அமர்த்திக்கொள்ள மறவாதீர்கள்!