கறுப்புச் சட்டை சாம்பலாவது ஏன்? உப்புத் தண்ணீரில் துவைப்பவர்கள் கவனிக்க!

ஆசையாக வாங்கிய கறுப்பு டி-ஷர்ட், நாலு தடவை துவைத்ததும் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடுகிறது. 'சாயம் போச்சு, மட்டமான துணி' என்று கடைக்காரரைத் திட்டுவோம். ஆனால் போர்வெல் தண்ணீரையோ டேங்கர் லாரித் தண்ணீரையோ நம்பியிருக்கும் வீடுகளில், பல நேரம் சாயம் எங்கேயும் போயிருக்காது. அதன் மேல் வேறு ஏதோ வந்து உட்கார்ந்திருக்கும்.

எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து, வெளுத்த இடத்தின் ஒரு மூலையை மட்டும் பத்து நிமிடம் நனையவிட்டு, அலசிக் காயப்போடுங்கள். அந்த மூலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் அது படிவு. துணியைத் தூக்கிப் போட வேண்டாம். வித்தியாசமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் சாயம்தான் போயிருக்கிறது.

படிவது என்ன?

நாம் 'உப்புத் தண்ணி' என்று சொல்லும் கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். இவை சோப்போடு சேர்ந்தால் கரையாத கசடாகின்றன. பக்கெட் ஓரத்தில் வெள்ளை வளையமாக ஒட்டுகிறதே, அதே சமாச்சாரம்தான். சலவைத் தூளில் இருக்கும் சோடாவோடு சேர்ந்தால் சுண்ணாம்புபோல நூலிழைகளுக்குள் தங்கும். வெள்ளைச் சட்டையிலும் இது இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) ஏற்கத்தக்க கடினத்தன்மையாகச் சொல்வது லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது இந்த அளவை அல்ல. மொத்தமாகக் கரைந்திருக்கும் எல்லாவற்றையும்.

ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டாம்

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துத் துணி துவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சிக்கனம் நல்லதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தரை துடைக்கலாம், கறுப்புத் துணிக்கு ஆகாது. அதற்குப் பதில் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. வடிகட்டி, கடைசி அலசலுக்குப் பயன்படுத்தலாம். மழைத் தண்ணீரும் அப்படியே.

தூளைவிட லிக்விட் டிடர்ஜென்ட் மேல். நுரை வரவில்லையே என்று அள்ளிக் கொட்டினால் அந்த மிச்சமும் துணியில்தான் ஒட்டும். மெஷினை முக்கால் அளவோடு நிறுத்தி, ஒரு அலசலைக் கூட்டுவது பலன் தரும். கடைசி அலசலில் அரை பக்கெட்டுக்குக் கால் கப் வினிகர் மாதம் ஓரிரு முறை போதும். அடிக்கடி ஊற்றினால் மெஷினின் ரப்பர் பாகங்கள் கெடலாம். ப்ளீச்சோடு மட்டும் வினிகரைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் ப்ளீச் துருக்கறையையும் உண்டாக்கும்.

கல் உப்பு சாயத்தைக் காக்குமா?

பாட்டி காலத்து யோசனை, பாதிதான் சரி. திருப்பூர் சாயப்பட்டறைகளில் உப்பு சேர்ப்பது சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளுவதற்கு. பிடித்து நிறுத்துவது அதன்பின் சேர்க்கும் காரம். கடையிலிருந்து வந்த சட்டையை உப்பில் ஊறவைப்பதால் அந்த வேலை நடக்காது.

நிஜமாகவே சாயம் போவதற்குப் பெரிய காரணம் உராய்வும் வெயிலும்தான். ஜீன்ஸில் இண்டிகோ சாயம் நூலின் மேற்புறத்தில் மட்டுமே இருப்பதால், பிரஷ் போட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கும். உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் இல்லாமல் பால்கனி நிழலில் அப்படியே திருப்பின நிலையில் காயப்போடுங்கள்.