250 ஹெச்பி இருக்கு, பிரேக் இல்ல!

ட்ரோல்னு சொன்னா நமக்கு உடனே மீம் பேஜ்தான் ஞாபகம் வரும். ஆனா அந்த வார்த்தைக்கு மீன் பிடிக்கிறவங்க அகராதியில வேற அர்த்தம். படகை மெதுவா ஓட்டிக்கிட்டே, தூண்டிலைப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போறதுக்குப் பேர்தான் ட்ரோலிங். அமெரிக்காவுல பாஸ்னு ஒரு மீனைப் பிடிக்கிறதுக்குன்னே தனிப் படகு இருக்கு, அதுக்குப் பேர் பாஸ் போட். அதோட மூக்குல ஒரு எலக்ட்ரிக் மோட்டார் மாட்டியிருப்பாங்க. அதுக்குப் பேர் ட்ரோலிங் மோட்டார். ஆனா பாஸ்மாஸ்டர் போட்டிகள்ல ட்ரோலிங் பண்ணி மீன் பிடிக்கிறதுக்கே தடை! அப்புறம் எதுக்கு அந்த மோட்டார்? பெரும்பாலும் படகை ஒரே இடத்துல நிறுத்தி வைக்கத்தான்.

மோட்டாரை வெச்சுப் படகை நிறுத்துறதா? கேக்கவே கொஞ்சம் லூசுத்தனமா இருக்குல்ல? நானும் யூடியூப்ல ஏதோ பார்க்கப் போய் இதுக்குள்ள விழுந்தேன். உள்ள போனா ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், சர்க்யூட்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் மூணும் ஒரே படகுல உக்காந்திருக்கு. நாலு வருஷமா தனித்தனியா படிச்சதெல்லாம் இங்க சேர்ந்து வேலை செய்யுது.

முதல்ல படகைப் பத்தி. 1968-ல ஃபாரஸ்ட் வுட் என்பவர் ஆர்கன்சா மாநிலத்துல ஃப்ளிப்பின்ங்கிற சின்ன ஊர்ல ரேஞ்சர் போட்ஸ் ஆரம்பிச்சார். இந்த வகைப் படகு ஒரு பெரிய தொழிலா வளர்ந்ததுல அவருக்கு முக்கியப் பங்கு. இன்னிக்கு நல்ல பாஸ் போட்னா ஃபைபர் கிளாஸ் உடம்பு, சுமார் 20 அடி நீளம், பின்னாடி 250 ஹெச்பி அவுட்போர்டு எஞ்சின். மணிக்கு 110 கிலோமீட்டர் சாதாரணமா தொடும். வேகம் ஒரு பிரச்சனையே இல்ல, காசு குடுத்தா கிடைச்சிடும்.

பிரச்சனை போய்ச் சேர்ந்த பிறகுதான். பாஸ் மீன் தண்ணிக்குள்ள மூழ்கின மரக்கட்டை, பாறை, புல் திட்டு, இப்படி ஏதாவது ஒண்ணை ஒட்டி ஒளிஞ்சிருக்கும். அந்த ஒரு அடி இடத்துக்குத் திரும்பத் திரும்பத் தூண்டில் வீசணும். காத்து அதுக்குள்ள படகைத் தள்ளிக்கிட்டுப் போயிடும்.

எவ்வளவு தள்ளும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 32 கிலோமீட்டர் காத்து, அதாவது நொடிக்கு 9 மீட்டர். படகு பக்கவாட்டுல நிக்குதுன்னா உடம்பு, எஞ்சின், நிக்கிற ரெண்டு ஆளுங்க எல்லாம் சேர்த்து 5 சதுர மீட்டர்னு வெச்சுக்கலாம். டிராக் கோஎஃபிஷியன்ட் 1, காத்தோட அடர்த்தி 1.2. நமக்குத் தெரிஞ்ச அதே டிராக் ஃபார்முலாவுல போட்டா 243 நியூட்டன், கிட்டத்தட்ட 55 பவுண்டு விசை வருது. அதே படகு மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி நின்னா பரப்பு பாதியாகும், விசையும் பாதியாகும். காத்து ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. அலை இந்தக் கணக்குலயே இல்ல. "மூக்கைக் காத்துக்குக் காட்டு"ங்கிறதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கட்டுரை முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

நிறுத்துறதுக்குப் பழைய வழி நங்கூரம். வெயிட்டா ஒரு இரும்பைப் போட்டா படகு நின்னுடும்னுதான் நம்மள்ல பல பேர் நினைப்போம். காளான் வடிவ நங்கூரம் ஓரளவு வெயிட்டை நம்பித்தான் நிக்குது, அதனாலதான் சின்னப் படகு, அமைதியான குளம்னா மட்டும் அது போதும். டான்ஃபோர்த் மாதிரி நங்கூரம் வேலை செய்யுறது கலப்பை மாதிரி. கிடைமட்டமா இழுத்தா மண்ணுக்குள்ள புதைஞ்சுக்கும், மேல் நோக்கி இழுத்தா பிடுங்கிக்கிட்டு வந்துடும். அதனால கயிறு நீளமா விடணும். ஆழம், அதோட தண்ணிக்கு மேல மூக்கு இருக்கிற உயரம், ரெண்டையும் கூட்டி ஏழால பெருக்குங்கிறது வழக்கமான விதி. 20 அடி ஆழம், 2 அடி மூக்குன்னா 154 அடிக் கயிறு! அப்போ கயிறு தரையோட 8 டிகிரி கோணத்துல இருக்கும். சோம்பேறித்தனமா ரெண்டு மடங்கு மட்டும் விட்டா 30 டிகிரி, நங்கூரம் வழுக்கும். கயிறுக்கும் நங்கூரத்துக்கும் நடுவுல கொஞ்சம் சங்கிலி போடுறதும் அந்த முனையைத் தரையோட படுக்க வைக்கத்தான்.

ஒரு நாள்ல இருபது இடம் மாறுற போட்டிக்காரன் ஒவ்வொரு தடவையும் 154 அடி விட்டு இழுத்துக்கிட்டிருந்தா மீன் பிடிச்ச மாதிரிதான். போதாததுக்கு அவ்வளவு நீளக் கயிறுல படகு பெண்டுலம் மாதிரி ஆடும். அதனால பாஸ் போட்டுல கயிறு நங்கூரம் ஓரங்கட்டப்பட்டுடுச்சு. ஆனா அதைத் தூக்கி வீட்டுல வைக்கக் கூடாது. பேட்டரி செத்து, எஞ்சினும் நின்னு, காத்து பாறைப் பக்கம் தள்ளும்போது, கரண்ட் இல்லாம வேலை செய்யுற ஒரே பிரேக் அதுதான்.

இன்னொண்ணு, இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. நங்கூரக் கயிறை மூக்குலதான் கட்டணும். பின்பக்கம் கட்டவே கூடாது. எஞ்சின், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் பின்னாடி இருக்கறதால அந்தப் பக்கம் ஏற்கனவே தாழ்ந்து கிடக்கும், தடுப்புச் சுவரோட உயரமும் கம்மி. அங்கேயே கயிறு கீழ் நோக்கி இழுத்தா, வர்ற அலை நேரா உள்ள ஏறும். 2009 பிப்ரவரி 28 அன்னிக்கு ஃப்ளோரிடா பக்கம் மெக்சிகோ வளைகுடாவுல நாலு நண்பர்கள் 21 அடிப் படகுல மீன் பிடிக்கப் போனாங்க. அதுல மார்க்விஸ் கூப்பர், கோரி ஸ்மித் ரெண்டு பேரும் என்எஃப்எல் வீரர்கள். கிளம்புற நேரத்துல நங்கூரம் அடியில மாட்டிக்கிச்சு. கயிறைப் பின்பக்கம் கட்டி, எஞ்சினை முன்னாடி முறுக்கிப் பிடுங்கப் பார்த்திருக்காங்க. நங்கூரம் வரல, படகோட பின்பக்கம்தான் கீழ போச்சு. தண்ணி ஏறிப் படகு கவிழ்ந்துடுச்சு. 40 மணி நேரத்துக்கும் மேல கழிச்சு, கவிழ்ந்த படகு மேல உக்காந்திருந்த ஒருத்தரை மட்டும்தான் கடலோரக் காவல்படை உயிரோட மீட்டுச்சு. வலுவான, உடம்பு ஃபிட்டான ஆளுங்க. ஆனா அந்த எஞ்சின் குடுத்த விசை எல்லாம் கயிறு வழியா அவங்க படகையே கீழ இழுத்திருக்கு. ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் வரைஞ்சு பாருங்க, புரியும். மாட்டின நங்கூரம் வரலைன்னா கயிறை அறுத்து விட்டுட்டு வரணும். நங்கூரம் கடையில கிடைக்கும்.

ஆழமில்லாத இடத்துக்கு இப்ப வேற கருவி வந்திருக்கு. பவர்-போல், டேலன் மாதிரி கம்பு நங்கூரங்கள். படகோட பின்சுவர்ல மாட்டியிருக்கும், பட்டனை அமுக்கினா 8 அடி, 10 அடிக் கம்பு இறங்கித் தரையில குத்தி நிக்கும். பவர்-போல் ஹைட்ராலிக்ல மடங்கி விரியும், டேலன் நேரா மேலேயும் கீழேயும் போகும். ஃப்ளோரிடாவுல ஒக்கிசோபின்னு ஒரு ஏரி, பரப்பு பிரம்மாண்டம், சராசரி ஆழம் சுமார் 9 அடிதான். அங்கெல்லாம் இது அடிச்சுக்க ஆளில்ல, சத்தமும் கிடையாது. ஒரு கம்புன்னா படகு அதைச் சுத்தி ஆடும், ரெண்டு கம்புன்னா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும். பின்பக்கம் கட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு இது மட்டும் எப்படின்னு கேப்பீங்க. கம்பு பக்கவாட்டுலதான் தாங்குது, கயிறு மாதிரி படகைக் கீழ இழுக்கறதில்ல. ஆனா பின்பக்கம் அலையைப் பார்த்து நிக்குங்கிறது உண்மைதான். அலை பெருசானா கம்பைத் தூக்கிட்டுக் கிளம்பறதுதான் புத்திசாலித்தனம்.

இப்ப நம்ம ஹீரோ. 1934-ல நார்த் டகோட்டாவுல ஃபார்கோ ஊர்ல ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரோட ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து, ஒரு தண்டும் புரொப்பெல்லரும் மாட்டிப் படகுல வெச்சார். மின்னசோட்டா, டகோட்டா ரெண்டு பேரையும் ஒட்டிக் கம்பெனிக்கு மின் கோட்டான்னு பேர் வெச்சார். நம்ம மினி புராஜெக்ட் ரேஞ்சுல ஆரம்பிச்சது இன்னிக்கும் பெரிய பிராண்டு.

இந்த மோட்டாரை ஹெச்பில சொல்ல மாட்டாங்க, பவுண்டு த்ரஸ்ட்லதான் சொல்வாங்க. காரணம் சிம்பிள். பவர்னா விசையையும் வேகத்தையும் பெருக்கி வர்றது. நிக்கிற படகுக்கு வேகம் பூஜ்யம், அதனால இங்க விசைதான் பேச்சு. படகோட மொத்த எடையில 100 பவுண்டுக்கு 2 பவுண்டு த்ரஸ்ட்ங்கிறது பரவலான விதி. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 4,000 பவுண்டுன்னா 80 பவுண்டு த்ரஸ்ட். நம்ம 55 பவுண்டு காத்துக் கணக்கோட ஒப்பிட்டா, மிச்சம் இருக்கறது அலைக்கும் திடீர்க் காத்துக்கும்.

மின் கோட்டாவுல 12 வோல்ட்டுக்கு 55 பவுண்டு, 24-க்கு 80, 36-க்கு 112. கரண்ட் மூணுலயும் கிட்டத்தட்ட 50 ஆம்பியர்தான். அதாவது பவர் 600 வாட்டுல இருந்து 1,870 வாட்டுக்கு, மூணு மடங்குக்கு மேல ஏறியும் த்ரஸ்ட் ரெண்டு மடங்குதான் ஆகுது. ஏமாத்து வேலை இல்ல. த்ரஸ்ட்ங்கிறது தண்ணிக்குக் குடுக்கிற மொமென்டம், பவர்ங்கிறது அதுக்குக் குடுக்கிற கைனடிக் எனர்ஜி. அதனால த்ரஸ்ட் ரெண்டு மடங்காகணும்னா பவர் 2-இன் 1.5 அடுக்கு, அதாவது 2.83 மடங்கு வேணும். புத்தகத்துல வர்ற தியரியும் கம்பெனி கேட்லாகும் இவ்வளவு கிட்டத்துல வந்ததைப் பார்த்து எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இதையே தலைகீழாப் பாருங்க. த்ரஸ்ட்டைப் பாதியாக் குறைச்சா பவர் மூணுல ஒரு பங்கு மாதிரிதான் ஆகும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூணு சீரிஸ்ல போட்டா 3.6 கிலோவாட்-ஹவர். ஃபுல் த்ரஸ்ட்ல ரெண்டு மணி நேரம் கூட வராது, பாதி த்ரஸ்ட்ல அஞ்சு மணி நேரத்தைத் தாண்டும். அதுவும் காகிதத்துல. லெட்-ஆசிட்னா ஆயுசு குறையாம எடுக்கணும்னா அதுலயும் பாதிதான். லித்தியம் அயன் பாஸ்பேட்னா கிட்டத்தட்ட முழுசா எடுக்கலாம், எடையும் பாதிக்குக் கீழ. ஆனா பழைய லெட்-ஆசிட் சார்ஜரை அப்படியே மாட்டிடக் கூடாது, லித்தியத்துக்கு ஏத்த சார்ஜர் வேணும்.

வயரிங்லதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. பேட்டரி பின்னாடி, மோட்டார் முன்னாடி. போக 20 அடி, வர 20 அடி. 6 கேஜ் காப்பர் வயர் 1,000 அடிக்கு சுமார் 0.4 ஓம், அப்போ 40 அடிக்கு 0.016. 50 ஆம்பியர் ஓடினா 0.8 வோல்ட் வழியிலேயே காலி. 12 வோல்ட்டுல அது கிட்டத்தட்ட 7 சதவீதம், 36 வோல்ட்டுல 2 சதவீதம். செலவைக் குறைக்க 10 கேஜ் போட்டா 2 வோல்ட் போகும், 100 வாட் சூடு வயர்லயே கிளம்பும். மூடின தளத்துக்குக் கீழ, பெட்ரோல் டேங்க் இருக்கிற படகுல! அதனால தடிமனான வயர், பேட்டரிக்குப் பக்கத்துலயே 60 ஆம்பியர் பிரேக்கர், ரெண்டும் கட்டாயம். மீனைக் காட்டுற சோனாருக்குத் தனி பேட்டரி குடுத்துடறது நல்லது. மோட்டாரோட பிடபிள்யூஎம் ஸ்விட்சிங் நாய்ஸ் திரையில மழை பெய்ய வெச்சிடும்.

ஏன் மூக்குல மாட்டுறாங்க? பின்னாடி இருந்து தள்ளினா படகு சொன்ன பேச்சு கேக்காது, மூக்கு காத்துல அப்படி இப்படித் திரும்பும். முன்னாடி இருந்து இழுத்தா மிச்ச உடம்பு தானா பின்னாடி வரிசைக்கு வந்துடும். நங்கூரத்தை மூக்குல கட்டச் சொன்ன அதே காரணம். தண்டு நீளம் மட்டும் பார்த்து வாங்கணும். 45, 52, 60 அங்குலம்னு வரும். குட்டையா இருந்தா அலையில மூக்கு தூக்கும்போது புரொப்பெல்லர் காத்தைக் குடிச்சுட்டுக் கத்தும், த்ரஸ்ட் போச்சு.

இனி ஸ்பாட்-லாக். பட்டனை அமுக்கினா ஜிபிஎஸ் அந்த இடத்தைக் குறிச்சுக்கும். படகு விலகினா எவ்வளவு தூரம், எந்தத் திசைன்னு எரர் கணக்காகும், மோட்டார் தலை அந்தப் பக்கம் திரும்பி இழுக்கும். அப்படியே நம்ம க்ளோஸ்டு லூப். இதுல ரெண்டு சுவாரஸ்யம். நிக்கிற படகுக்கு ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும், மூக்கு எந்தப் பக்கம்னு சொல்லாது, அதுக்குத் தனியா ஹெடிங் சென்சார் வேணும். அடுத்தது, காத்து ஒரே பக்கம் விடாம அடிச்சா வெறும் புரொபோர்ஷனல் கன்ட்ரோல் எப்பவும் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும். ஸ்டெடி ஸ்டேட் எரர், இன்டெக்ரல் டெர்ம் எதுக்குன்னு வைவாவுல கேட்டாங்களே, அதே கதை. 30 அடி ஆழம், ஓடுற தண்ணி, செயின்ட் லாரன்ஸ் மாதிரி ஆறுன்னா கம்பு எட்டாது, கயிறு போட நேரமில்ல. அங்க இதுதான் ராஜா. ஆனா ஓயாம பேட்டரியைக் குடிக்கும், ஆழமில்லாத தெளிஞ்ச தண்ணியில புரொப்பெல்லர் சத்தம் மீனைக் கலைக்கவும் செய்யும்.

என் கையில ஒரு பாஸ் போட்டைக் குடுத்தா, முதல் காசை 36 வோல்ட் ஸ்பாட்-லாக் மோட்டாருக்கும் நல்ல வயருக்கும் போடுவேன். பின்னாடி இப்போதைக்கு ஒரே ஒரு கம்பு போதும், ரெண்டாவது அப்புறம். மூக்குப் பெட்டிக்குள்ள ஒரு டான்ஃபோர்த், 150 அடிக் கயிறு, பக்கத்துலயே கை எட்டுற மாதிரி நல்ல கத்தி ஒண்ணு.