எண்மப் படக்கருவியின் கோப்பெண் முறையும் கல்வெட்டு ஆவணமாக்கமும்: காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலை முன்வைத்து

முன்னுரை

கல்வெட்டாய்வில் மசிப்படியோடு எண்மப் படமும் இன்று சான்றாகப் பயன்படுகிறது. ஒரு படம் எந்தக் கல்லினுடையது என்பது ஐயமின்றித் தெரிந்தால்தான் அது சான்றாக நிற்கும். படக்கருவி தானே இடும் கோப்பெண் அதற்குப் போதுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வுக்களம்

கைலாசநாதர் கோயில் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவனால் எடுப்பிக்கப்பட்டது. அதன் திருச்சுற்று மதிலையொட்டி 58 சிற்றாலயங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றில் பொறிக்கப்பட்ட அரசனின் பட்டப்பெயர்களை ஹுல்ட்ஷ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் (1890) பதிப்பித்தார். சிற்றாலயங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அண்மையில் நின்று எடுத்த படத்தை மட்டும் கொண்டு அது எச்சிற்றாலயத்தினுடையது எனக் கூறுதல் அரிது.

கோப்பெண் முறை

சப்பானில் 1998இல் வகுக்கப்பட்ட டி.சி.எஃப். எனும் நெறியைப் பெரும்பாலான படக்கருவிகள் பின்பற்றுகின்றன. இதன்படி நினைவக அட்டையில் ‘டிசிஐஎம்’ என்னும் முதன்மைக் கோப்புறை உருவாகும். அதனுள் அமையும் உட்கோப்புறையின் பெயர் 100 முதல் 999 வரையிலான எண்ணையும் ஐந்து குறிகளையும் கொண்டது. கோப்பின் பெயர் நான்கு குறிகளையும் 0001 முதல் 9999 வரையிலான எண்ணையும் கொண்டது. கேனான் கருவிகளின் ‘ஐஎம்ஜி_’, நிக்கான் கருவிகளின் ‘டிஎஸ்சி_’ ஆகிய முன்னொட்டுகள் இவ்வகையின.

எண் மீளும் இடங்கள்

நான்கு இலக்கமே இருப்பதால் 9999ஐ அடுத்து மீண்டும் 0001 வரும். ‘தொடர் எண்’ அமைப்பைத் தேர்ந்திருந்தால் அட்டையை மாற்றினாலும் எண் தொடரும். ‘மீளமை’ அமைப்பில் புதிய அட்டைதோறும் 0001இலிருந்து தொடங்கும். ஒரே வகைக் கருவியை இருவர் பயன்படுத்தினால் ஒரே பெயரில் இரு படங்கள் பிறக்கும். அவற்றை ஒரே கோப்புறையில் சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றை அழித்துவிடக்கூடும். கோப்பினுள் எக்சிஃப் தரவாகப் பதியும் நாளும் நேரமும் துணைபுரியும். ஆயின் கருவியின் கடிகாரம் பிழையானால் அவையும் பிழையாகும்.

கல்வெட்டியல் முன்மாதிரி

இச்சிக்கல் கல்வெட்டியலுக்குப் புதிதன்று. கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஆய்வாளர் எண்ணோடு ஆண்டையும் சேர்த்தே சுட்டுவர். ஆண்டின்றி எண்ணுக்குப் பொருளில்லை. கோப்பெண்ணுக்கும் இது பொருந்தும்.

நடைமுறை

சிற்றாலய வரிசை எவ்விடத்தில் தொடங்கி எத்திசையில் செல்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு சிற்றாலயத்திலும் அதன் எண் எழுதிய பலகையை முதற்படமாக எடுத்தல் நன்று. படங்களைக் கணினிக்கு மாற்றியவுடன், திருத்தம் செய்யுமுன், ஊர், கோயில், சிற்றாலய எண், நாள், கருவியின் மூல எண் என்ற வரிசையில் பெயரிடல் வேண்டும். மூல எண்ணை நீக்கலாகாது; படம் எடுத்த வரிசைக்கு அதுவே தடயம்.

முடிவுரை

படக்கருவியின் எண் எடுத்த வரிசையைக் காட்டுமேயன்றி இடத்தைக் காட்டாது. கல் சிதைந்தபின் படமே எஞ்சும் நிலையில், இடம் தெரியாத படம் எச்சிற்றாலயத்துக்கும் சான்றாகாது. ஆகவே பெயரிடலும் ஆவணமாக்கத்தின் ஒரு பகுதியேயாகும்.