சில்லின் சமநிலை: ஒரு கைத்தொழில் அறிவும் அதன் சமூகப் பின்னணியும்

கண்டியிலே தொடங்கி மாத்தளை, நாவுலை, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து யாழ்ப்பாணம் வரை நீளும் பெருவீதியின் வரலாறு உழைப்பின் வரலாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். 1848இல் மாத்தளையில் எழுந்த கிளர்ச்சியின் காரணங்களுள், ஆண்டுக்கு 6 நாள் வீதிவேலை செய்தல் அல்லது பணம் செலுத்துதல் வேண்டும் என்ற சட்டமும் ஒன்று. இன்று தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்து மரக்கறி லொறிகள் இம்மாவட்டத்து வீதிகளில் இரவு பகலாக ஓடுகின்றன. அவ்வீதிகளில் உருளும் சில்லைப் பற்றிய அறிவையும் நாம் ஆய்வுக்குப் புறம்பானதாகக் கொள்ளலாகாது.

புதிய ரயர் பூட்டியபின் சில்லைச் சமநிலைப்படுத்துவது எதற்காக? வட்டமாகத் தோன்றும் எந்த ரயரும் எல்லாப் புறத்தும் ஒரே நிறையுடையதன்று. இறப்பரும் நூலிழையும் உருக்குக் கம்பியும் படைபடையாக ஒட்டப்படுகையில், பொருத்துவாய்களில் நிறை சிறிது கூடுகிறது. றிம்மிலும் வால்வு உள்ள பக்கம் பாரமாயிருத்தல் இயல்பு. ஆகவேதான் சில ரயர்களில் பாரங் குறைந்த இடம் மஞ்சட் புள்ளியால் குறிக்கப்பட்டு, வால்வுக்கு நேராகப் பூட்டப்படுகின்றது. எஞ்சும் வேறுபாட்டைச் சிறு எடைகளால் ஈடுசெய்தலே சமநிலைப்படுத்தலாகும்.

இவ்வேறுபாட்டின் விளைவு அற்பமானதன்று. றிம்மின் விளிம்பில், மையத்திலிருந்து 18 சென்ரிமீற்றர் தூரத்தில், 30 கிராம் மிகுந்துள்ளது எனக் கொள்வோம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறு காரின் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 10 முறை சுழலும். அப்போது அந்த 30 கிராம், 2 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடைக்கு ஒப்பான விசையோடு அச்சை ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும். வேகம் பாதியாயின் விசை காற்பங்காகும். அக்குறணை வழியாக வளைந்து இறங்கும் வீதியிலே மறைந்திருந்த குறை, நாவுலைக்கு அப்பால் வேகம் கூடியதும் சுக்கானில் நடுக்கமாக வெளிப்படுவது இதனாலேயே. சில்லின் துடிப்பும் வாகனத்தின் இயல்பான அதிர்வும் ஒன்றிக்கும் வேகத்தில் நடுக்கம் திடீரெனப் பெருகும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாதல் என்று நூல்களிற் கற்றதை, சாரதி தன் கைகளால் உணர்கிறான்.

சமநிலைக் குறை இருவகைப்படும். ஒன்று, ஒரு பக்கம் பாரமாயிருப்பதால் சில்லு மேலுங் கீழுமாகத் துள்ளுதல். மற்றையது, உட்புறமும் வெளிப்புறமும் ஒவ்வாமையால் சில்லு பக்கவாட்டில் ஆடுதல். நீர்க்குமிழி மட்டத்தைக் கொண்ட பழைய கருவி முதலாவதை மட்டுமே காட்டும். இரண்டாவதை அறியச் சில்லைச் சுழற்றும் பொறி வேண்டும்.

செய்முறையிலே ஒழுங்கு முக்கியமானது. சேறும் பழைய எடைகளும் நீக்கப்பட வேண்டும்; காற்று உரிய அளவில் நிரப்பப்பட வேண்டும். சில்லைப் பொறியின் தண்டில் நடுவாகப் பொருத்தி, றிம்மின் விட்டம், அகலம், பொறியிலிருந்து அதன் தூரம் ஆகியவற்றைப் பதிந்து சுழற்றுவர். பொறி காட்டும் இடங்களில் உள்ளும் புறமும் எடைகளை இட்டபின், மீண்டும் சுழற்றிப் பூச்சியம் வருவதைக் காணல் வேண்டும். இந்த இரண்டாவது சுழற்சியைக் கேட்டுப் பெறுதல் வாகனக்காரரின் உரிமை. ஈற்றில் சில்லின் நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக இறுக்க வேண்டும்.

வாகனம் ஒரு பக்கம் இழுப்பதும் ரயர் ஒருபுறமாகத் தேய்வதும் பெரும்பாலும் சில்லுகளின் கோணம் பிசகியதன் அறிகுறிகள். அது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக மயங்குவோர் வீணே பணம் இழப்பர்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் பழைய வாகனங்களை ஓடச் செய்தவர்கள் திருத்துமிடத் தொழிலாளர்களே. அவர்களுடைய உடல்நலத்தை எண்ணியோர் எத்தனை பேர்? சமநிலை எடைகள் நெடுங்காலமாக ஈயத்தாலேயே செய்யப்பட்டன. ஈயம் நரம்பைத் தாக்கும் நஞ்சு. கையிலிருந்து உணவுக்கும், வீட்டிலுள்ள குழந்தைக்கும் செல்லக்கூடியது. புதிய கார்களில் ஈய எடைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தடைசெய்தது. நாகமும் உருக்கும் மாற்றாக உள்ளன. ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே உண்ண வேண்டும் என்பதைத் தொழிலாளிக்குச் சொல்வதும், அதற்குரிய வசதியைச் செய்து கொடுப்பதும் முதலாளியின் கடமை.

இவ்வறிவு குருவிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகவே பெரிதும் செல்கிறது. பொறியின் கையேடு ஆங்கிலத்தில் இருக்க, அதனை இயக்குபவனின் மொழி தமிழாகவோ சிங்களமாகவோ இருக்கிறது. கை அறிந்ததன் காரணத்தை அவனுடைய மொழியிலேயே எழுதி வைத்தல் பல்கலைக்கழகத் தமிழின் பணிகளுள் ஒன்றென நாம் கருதுகிறோம். ஏனெனில், காரணம் அறிந்த தொழிலாளி தன் வேலையின் தரத்தையும் தன் உடலின் பாதுகாப்பையும் ஒருங்கே கோரும் வலிமை பெறுகிறான்.