முன்மாதிரிக்கு எந்தக் கருவி?

செயலியோ வலைத்தளமோ உருவாக்க முனைபவர்கள் முதலில் கேட்பது "ஃபிக்மா போதுமா, வேறு கருவி ஏதாவது வேண்டுமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த வடிவமைப்பில் நமக்கு எது இன்னும் தெரியவில்லை? நிரல் எழுதும் முன் திரைகளை வரைந்து, ஒரு பட்டனைத் தொட்டால் அடுத்த திரை வரும்படி இணைத்துப் பார்ப்பதே முன்மாதிரி. தெரியாததைக் குறைந்த செலவில் தெரிந்துகொள்வதற்காகத்தான் அதைச் செய்கிறோம். எது தெரியவில்லை என்று முடிவு செய்யாமல் கருவியை வாங்கினால், அந்தக் கருவியில் எதைச் செய்வது சுலபமோ அதையே செய்துகொண்டிருப்போம். உண்மையான சந்தேகம் தீராமல் கிடக்கும்.

இதற்குத் துறையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் கணினி சாத்தியமாவதற்கு வெகு காலம் முன்பே, ஐபிஎம் ஆய்வாளர் ஜான் கூல்டும் சகாக்களும் அதைச் சோதித்து 1983-இல் வெளியிட்டார்கள். பேசுபவர் முன்னால் ஒரு திரை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேகமாகத் தட்டச்சு செய்யும் ஒருவர். அவ்வளவுதான் ஏற்பாடு. சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச வேண்டியிருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்களா, கணினிக்குச் சில ஆயிரம் சொற்களே தெரிந்தால் கடிதம் எழுத முடியுமா என்பவை அவர்களுடைய கேள்விகள். அவற்றுக்கு விடை காண எந்திரமே தேவைப்படவில்லை. 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினிக்கு முன்னோடியாக, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரத்துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். எப்போதெல்லாம் அதை எடுக்கத் தோன்றுகிறது, பையில் உறுத்துகிறதா என்று பார்க்க மரத்துண்டு போதும்.

இப்படி எளிமையாகக் காகிதத்தில் வரைந்ததைக் காட்டினால் வாடிக்கையாளர் மதிப்பாரா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒப்புதலோ முதலீடோ பெறுவதற்கான காட்சிக்கு மெருகு வேண்டும். ஆனால் குறை கண்டுபிடிப்பது வேறு வேலை. விர்சியும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எளிய முன்மாதிரியும் மெருகேறிய முன்மாதிரியும் ஏறத்தாழ ஒரே குறைகளைத்தான் வெளிக்கொணர்ந்தன. மெருகேறிய திரையைப் பார்ப்பவர்கள் நிறத்தையும் எழுத்துருவையும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். "இந்தப் பக்கமே வேண்டாம்" என்று சொல்லத் தயங்குகிறார்கள். பால்சமிக் என்ற கருவி திரைகளைக் கையால் கிறுக்கியதுபோல் காட்டுவது இதற்காகத்தான். இன்று ஒரு வரி சொன்னால் செயற்கை நுண்ணறிவு இயங்கும் செயலியையே தந்துவிடுகிறதே என்பவர்களுக்கும் இதே பதில்தான். அது மெருகை மலிவாக்குகிறது. யாருக்கு, எதற்கு என்பதை அது தீர்மானிக்காது.

காகிதத்தால் ஆகாதவையும் உண்டு. விரலால் தள்ளும்போது திரை நகரும் வேகம், அசைவு, கட்டைவிரல் எட்டும் தூரம் இவையெல்லாம் கைபேசியிலேதான் தெரியும். பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் வேலை செய்ய வேண்டுமென்றால், உலாவியில் ஓடும் ஃபிக்மா வசதியானது. ஆனால் வழக்கமான ஃபிக்மா முன்மாதிரியில் படிவத்தின் பெட்டி வெறும் படம். பயனர் அதில் தன் பெயரைத் தட்டச்சு செய்ய முடியாது. கடன் விண்ணப்பம் போல, நிரப்பியதைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் படிவமென்றால் ஆக்சூர் பொருந்தும். கைபேசியைச் சாய்த்தால், குலுக்கினால் என்ன நடக்கும் என்று பார்க்க ப்ரோட்டோபை. அப்படியானால் ஒரு குழு நான்கு கருவிகளைக் கற்க வேண்டுமா? வேண்டாம். அன்றாட வேலைக்கு ஒன்று இருக்கட்டும். அதற்கு எட்டாத கேள்வி வரும் நாளில் மட்டும் வேறொன்றை எடுத்தால் போதும்.

தமிழில் வரப்போகும் செயலிக்கு இன்னொரு சோதனை கட்டாயம். ஆங்கிலச் சொற்களை வைத்து அளந்த பட்டனில் தமிழ்ச் சொல் பெரும்பாலும் அடங்குவதில்லை. எழுத்துகளில் மேலே ஏறும் வளைவும் கீழே இறங்கும் சுழியும் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் கேட்கின்றன. எந்தக் கருவியானாலும் முதல் நாளிலேயே உண்மையான தமிழ் வாசகங்களை இட்டுப் பார்க்க வேண்டும். பொருளற்ற லத்தீன் சொற்களை நிரப்பி வரைந்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்த்தால், திரைகளை மறுபடி வரையத்தான் நேரும்.

கருவியின் ஆயுளையும் எண்ண வேண்டும். 2011-இல் தொடங்கி, ஒரு காலத்தில் வடிவமைப்பாளர்கள் பரவலாகப் பயன்படுத்திய இன்விஷன், 2024 இறுதியோடு தன் வடிவமைப்புச் சேவைகளை மூடிவிட்டது. அடோபி 2022-இல் 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்க முற்பட்டு, ஐரோப்பிய, பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் கைவிட்டது; அடோபியின் சொந்தக் கருவியான எக்ஸ்டி இப்போது தனியாக விற்பனைக்கு இல்லை. திறந்த மூலமான பென்பாட்டை நம் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம் என்பது இந்த இடத்தில் பெரிய பலம். எதைத் தேர்ந்தாலும், தொடக்கத்திலேயே ஒரு சிறு கோப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். திரைகள் பெரும்பாலும் படங்களாக வந்துவிடும்; எந்தப் பட்டன் எந்தத் திரைக்குப் போகிறது என்ற இணைப்புகள் வருவது அரிது. அவற்றைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.