கடல் எவ்வளவு ஏறும்? ஒரு கடன் மனுவைப் படிப்பதுபோல் படித்துப் பார்த்தேன்

போன தை மாசம் என் தங்கை மகன் வந்திருந்தான். தலைஞாயிறு பக்கம் அவனுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. ஒட்டினாற்போல இரண்டு ஏக்கர் விலைக்கு வருகிறதாம். "மாமா, நீங்க பேங்க்ல இருந்தவரு, சொல்லுங்க. கடல் ஏறுதுங்கிறாங்க. ஒருத்தர் முப்பது சென்டிமீட்டர்ங்கிறார், இன்னொருத்தர் ரெண்டு மீட்டர்ங்கிறார். எதை நம்பி நான் இருபது வருஷக் கடன் வாங்குறது?" என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதுக்கப்புறம் மூணு மாசம் கிடைத்ததை எல்லாம் படித்தேன். புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஆலத்தூர் வட்டத்தில் மேட்டு நிலத்தில் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற எனக்கு இது தேவையா என்று கேட்கலாம். எங்கள் காரை, கொளக்காநத்தம் பக்கம் ஓடை அரித்த மேடுகளில் நடந்தால், நத்தை மாதிரி சுருண்ட கல் காலில் தட்டும். அது கடலில் வாழ்ந்த உயிரினம். சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாகக் கிடக்கிற கல்மரம், சுமார் 12 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலோரத்தில் புதைந்தது. அரியலூரில் வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலடியில் சிப்பியும் ஓடும் படிந்து இறுகியதுதான். அன்றைக்கு இங்கே கடல் வந்ததற்கு நிலம் தாழ்ந்தது ஒரு காரணம். துருவங்களில் இன்று இருப்பதுபோல் பெரிய பனிப்போர்வை இல்லாதது இன்னொரு காரணம். அந்தச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால், சுத்தமான கல்லாக இருந்தால் டன்னுக்கு 440 கிலோ கரியமில வாயு வெளியே வரும். பழைய கடல் பூட்டி வைத்ததை நாம் திறந்து விடுகிறோம். லாரி போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும்.

இனி பனிக்கு வருவோம். டம்ளரில் மிதக்கிற ஐஸ் கரைந்தால் தண்ணீர் மட்டம் ஏறாது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அதனால் வடதுருவக் கடலில் மிதக்கிற பனி உருகினால் மட்டம் ஏறிவிடாது. நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற பனிதான் கணக்கு. அது பெருமளவில் இருப்பது இரண்டே இடத்தில். கிரீன்லாந்துப் பனி முழுக்கக் கரைந்தால் கடல் 7 மீட்டருக்கு மேல் ஏறும். அண்டார்டிகா முழுக்கக் கரைந்தால் சுமார் 58 மீட்டர். பயமுறுத்த நினைப்பவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் எடுப்பார்கள். அப்படி முழுக்கக் கரைய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும், அதை ஒதுக்கி வையுங்கள்.

பனிப்போர்வையை ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பொழிகிற பனி வரவு. உருகி ஓடுவதும், உடைந்து கடலில் விழுவதும் பற்று. 2002 முதல் ஜோடியாகப் பறக்கும் செயற்கைக்கோள்கள், ஈர்ப்பு விசை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து இந்தப் பனியை எடை போடுகின்றன. கிரீன்லாந்தின் இருப்பு ஆண்டுக்கு சுமார் 27,000 கோடி டன் குறைகிறது, அண்டார்டிகாவின் இருப்பு சுமார் 15,000 கோடி டன். 36,000 கோடி டன் போனால் உலகக் கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர் ஏறும். ஆக இந்த இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 2006 முதல் 2018 வரை கடல் ஏறியது வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். மிச்சத்தில் பெரும்பகுதி, சூடேறிய கடல்நீர் விரிவதாலும் மலைப் பனியாறுகள் உருகுவதாலும் வருவது.

இதுவரை சொன்னது அளந்து பார்த்த கணக்கு. வரப்போவதைச் சொல்வது வேறு மாதிரி. பேங்கில் தொழில் கடன் கேட்டு வருகிறவர் ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் கொண்டுவருவார். பத்தாம் வருஷம் இவ்வளவு லாபம் என்று அதில் இருக்கும். அது ஜோசியம் இல்லை. 'இந்த விலை, இந்த விற்பனை, இந்த வட்டி இருந்தால் இவ்வளவு' என்பதுதான் அதன் அர்த்தம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அரசுகளுக்கிடைக் குழு (ஐபிசிசி) 2021-இல் தந்த அறிக்கையும் அப்படித்தான். உலகம் புகையை மிக வேகமாகக் குறைத்தால் 2100-க்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர். கண்மூடித்தனமாக எரித்துக்கொண்டே போனால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. (1995-2014 சராசரி மட்டத்திலிருந்து கணக்கு.) கூடவே ஒரு குறிப்பு: பனிப்போர்வையில் இன்னும் சரியாகப் பிடிபடாத சில நிகழ்வுகள் இருக்கின்றன, புகை மிக அதிகமானால், வாய்ப்பு குறைவு என்றாலும், 2100-க்குள் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது.

மாப்பிள்ளை கேட்ட முப்பதும் ரெண்டு மீட்டரும் ஒரே அறிக்கையில் இருப்பவைதான். ஒருவர் முதல் வரியைப் படித்திருக்கிறார், மற்றவர் குறிப்பைப் படித்திருக்கிறார். மேனேஜராக இருந்தபோது நான் குறிப்பைத்தான் முதலில் படிப்பேன். வாராக் கடன் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிடிபடாதது என்ன? மேற்கு அண்டார்டிகாவில் பனி உட்கார்ந்திருக்கிற தரையே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அது மட்டுமில்லை, ஏரிக்கரையிலிருந்து உள்ளே இறங்குவது மாதிரி, உள்ளே போகப் போக அந்தத் தரை ஆழமாகிறது. வெதுவெதுப்பான கடல்நீர் பனியின் அடியை அரிக்க, விளிம்பு பின்வாங்கும். பின்வாங்கப் பின்வாங்க ஆழம் கூடும். விளிம்பில் பனியின் கனமும் கூடும். கனம் கூடினால் இன்னும் வேகமாகக் கடலுக்குள் வழியும். ஒருமுறை தொடங்கிவிட்டால் தன்னாலேயே ஓடக்கூடிய விஷயம் இது. எந்த இடத்தில் நிற்கும், எத்தனை வருஷம் ஆகும் என்பதில்தான் ஒவ்வொரு கணினிக் கணக்கும் ஒவ்வொரு விடை தருகிறது. த்வைட்ஸ் என்ற ஒரே ஒரு பனியாறு கரைந்தால் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும்.

முன்னால் மிதக்கிற பனித் தட்டு, பின்னால் இருப்பதற்கு அண்டக் கொடுத்த கட்டை மாதிரி. அது உடைந்தால் மிதப்பது போனதால் மட்டம் ஏறாது, ஆனால் பின்னால் இருப்பது சரியும். 2002-இல் லார்சன் பி என்ற தட்டு, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர், ஒரு மாசத்துக்குச் சற்று கூடுதலான காலத்தில் நொறுங்கியது. பின்னால் இருந்த பனியாறுகள் வேகமெடுத்ததை அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கடன் கேட்பவரின் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது மாதிரி, பூமியின் பழைய கணக்கு. 1,25,000 வருஷத்துக்கு முன்னால், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒரு டிகிரி அளவே சூடு கூடியிருந்த காலத்தில், கடல் இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் உயரமாக இருந்தது. பவளப்பாறைகளில் அதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தச் சூட்டை நாம் இப்போதே தொட்டுவிட்டோம். ஆக, இந்தச் சூட்டுக்கே இவ்வளவு பனி போகக்கூடும் என்பதைப் பழைய கணக்கு சொல்கிறது. தவணை எத்தனை நூறு வருஷம் என்பதுதான் தகராறு.

மாப்பிள்ளையின் கடனுக்கு வருகிறேன். இருபது வருஷம் என்றால் 2050-க்குள் முடிந்துவிடும். அதுவரைக்கும் உலகம் எந்தப் பாதையில் போனாலும் ஏற்றம் ஏறத்தாழ 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள்தான். அதில் ஒரு பங்கு ஏற்கெனவே ஏறிவிட்டது. ஆகவே அவன் கடனுக்கு அண்டார்டிகா சந்தேகம் பெரிசு இல்லை. அவன் காலடிதான் பெரிசு. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு டெல்டாவுக்கு வரும் வண்டல் குறைந்துவிட்டது. போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வருகிறது. தரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் ஏற்றம்கூட அடப்பாறு, அரிச்சந்திரா நதி வழியாக வெகுதூரம் உள்ளே போகும். 2018 நவம்பரில் கஜா மாதிரி ஒரு புயல் வந்தால், அது தள்ளும் தண்ணீர் இந்த ஏற்றத்தின் மேல் ஏறி வரும்.

அவனிடம் இப்படிச் சொன்னேன்: "ரெண்டு ஏக்கர் வேணாம், ஒண்ணு போதும். பத்து வருஷத்துல அடைக்கிற கடனா வாங்கு. போர் தண்ணியோட உப்பை மாசம் ஒருதரம் பாரு. களர்பாளை, குழியடிச்சான் விதையைக் கைவிடாதே, கொஞ்சமாவது போட்டுக்கிட்டே இரு. தக்கைப்பூண்டை மடக்கி உழு."

"சரி மாமா, பாப்பாவுக்கு?" என்றான். அவளுக்கு நாலு வயசு. 2100-இல் எண்பதுக்குப் பக்கத்தில் இருப்பாள். அந்தக் குறிப்பு எழுதியிருப்பது அவளுக்குத்தான். 2050 வரை இரண்டு பாதைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதற்குப் பிறகுதான் பிரியும். இப்போது எரிப்பதுதான் அதைத் தீர்மானிக்கும். நாம் மண்ணில் கரிமம் சேர்ப்பதாலேயே கடல் நின்றுவிடும் என்று நம் மேடைகளிலேயே சிலர் பேசுகிறார்கள். மண்ணுக்கு அது ரொம்ப நல்லது, நானும் செய்கிறேன். ஆனால் நிலக்கரியும் பெட்ரோலும் எரிகிற அளவுக்கு முன்னால் அந்தக் கணக்கு எனக்கு டேலி ஆகவில்லை.

ஒரு ஏக்கர் மட்டும் வாங்கியிருக்கிறான். பத்திரம் பதிந்த மறுநாள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி, பஸ்ஸில் கொடுத்து அனுப்பியிருந்தான். திங்கட்கிழமை மண் பரிசோதனை நிலையத்துக்கு எடுத்துப் போகிறேன்.